நாடாக்காவின் ஒன்பது பாவாடைகள்

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்களோ, அத்தனை பேர் இடுப்பளவும் நாடாக்காவுக்குத் தெரியும். டெய்லருக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. கட்டின புருஷனுக்கு நிச்சயமாகத் தெரியாது. நாடாக்கா இருபதடி தூரத்தில் பார்த்தே சொல்லிவிடுவார். முப்பத்திரண்டு. முப்பத்தாறு. நாற்பத்திரண்டு, ஆனால் முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. எட்டாவதோடு நின்றவள். ஆனால் நாடாக்காவைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும். வேறு யாரும் எழுதுகிற மாதிரி தெரியவில்லை.

கோவில்பதாகைப் பக்கம் எங்கள் மாதா கோயில். கேட்டை ஒட்டி ஒரு பெஞ்சு, ஒரு பெரிய குடை. அதுதான் நாடாக்காவின் மெழுகுவத்திக் கடை. வயது ஐம்பத்தைந்து இருக்கும். கழுத்தில் ஜெபமாலை. ஜெபமாலையில் ஏழு ஊக்கு. சொந்தப் பெயர் ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கலாம். நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பெஞ்சுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஒன்பது பாவாடை, ஒரு உருண்டை நாடா.

விஷயம் இதுதான். பேன்ட் போட்ட பெண் யாராவது கேட்டுக்குள் கால் வைத்தால் நாடாக்கா எழுந்து நிற்பார்.

"கைய தூக்கு."

ஏன் என்று கேட்பதற்குள் கை தூக்கியிருக்கும். அந்தக் குரல் அப்படி. அடுத்த மூச்சில் பாவாடை இடுப்பைச் சுற்றியிருக்கும், நாடா முடிந்திருக்கும், முதுகில் ஒரு தட்டு விழுந்திருக்கும்.

"ம். போ. வாசகம் ஆரம்பிச்சிட்டாங்க."

பூசை முடிந்ததும் எல்லாரும் வரிசையாக வந்து அவிழ்த்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். ஒருத்தி மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை நாடாக்கா அவள் வீட்டு வாசலில் நின்றார். பாவாடையைக் கேட்கவில்லை. மடித்தாயா என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பாவாடைகளுக்கு ஒரு கதை உண்டு. பீடத்துத் திரைகளை மாற்றியபோது பழைய துணி பூசை சாமான் அறையில் கிடந்தது. நாடாக்கா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் ஊதா, சுற்றிக் கட்டுகிற மாதிரி ஒன்பது தைத்துக்கொண்டு வந்தார். பொதுக்காலத்தில் சாமியார் பச்சை உடுப்பு போடுவார். அப்போது எங்களுக்கும் பச்சை. விபூதிப் புதனன்று சாமியார் ஊதாவுக்கு மாறுவார். நாடாக்கா முதல் நாளே உட்கார்ந்து ஒன்பதையும் திருப்பி வைத்துவிடுவார்.

"வெள்ளைத் திரை ஒண்ணு இருந்துதே யக்கா, பொன் ஜரிகை வெச்சது? பெரிய பண்டிகைக்குப் போடுறது. அது இன்னா ஆச்சி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எலி கடிச்சிட்சி."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

பேன்ட்டா, பாவாடையா என்பது எங்கள் கோயிலில் சின்ன சண்டை இல்லை. ஃபாக்டரி குவார்ட்டர்சில் தூத்துக்குடிக்காரர்கள் இருக்கிறார்கள், திருச்சிக்காரர்கள் இருக்கிறார்கள், நாகர்கோவில்காரர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு 'எங்க ஊர்ல'. எங்க ஊர்ல முக்காடு இல்லாம உள்ள வுட மாட்டாங்க என்பாள் ஒருத்தி. எங்க ஊர்ல ஜீன்ஸ் போட்டுத்தான் பொண்ணுங்க பாட்டே பாடுது என்பாள் இன்னொருத்தி. ஒருதரம் எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசினார்கள். ஒன்றரை மணி நேரம். டீ ஆறிவிட்டது. ரிட்டயரான ஃபோர்மேன் ஒருவர் எழுந்து, "பேன்ட்டுன்றது ஆம்பளை டிரஸ். பொம்பளை ஆம்பளை டிரஸ் போடக் கூடாது. அவ்ளோதான்" என்றார்.

எல்லாரும் நாடாக்காவைப் பார்த்தோம். தன் பக்கம் ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷப்படுவார் என நினைத்தோம்.

"ஃபாதர் கால் வரைக்கும் அங்கி போட்டுகிறாரு," என்றார் நாடாக்கா. "அவர் கையில நன்மை அப்பம் வாங்கறப்போ உனக்கு ஒண்ணும் தோணலியா? ஆம்பளைங்க இதுல பேசாதீங்க. இது எங்க சண்டை."

ஃபோர்மேன் உட்கார்ந்தார். அதோடு கூட்டம் முடிந்தது.

புதிதாக ஃபிளாட்டுக்கு வந்த ஒரு ஐ.டி. பெண் கேட்டில் நின்று நியாயம் கேட்டாள். நல்ல பெண். பயப்படாமல் கேட்டாள்.

"ஆண்ட்டி, ஜீன்ஸ் முழுசா மூடுது. உங்க புடவையில இடுப்பு தெரியுது. நீங்களே சொல்லுங்க, எது மரியாதை?"

சுற்றி நாலு பேர் கூடிவிட்டோம். நாடாக்கா குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். ஆமாம், தெரிந்தது.

"இடுப்பு ஆண்டவர் குட்தது. ஜீன்ஸு கடைக்காரன் குட்தது. கைய தூக்கு."

அவள் தூக்கினாள். சிரித்துக்கொண்டே தூக்கினாள்.

நாடாக்காவுக்குத் தவறே நேர்ந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். தோள் வரை முடி வளர்த்த ஒரு வாலிபர் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். நாடாக்கா பின்னாலிருந்து சுற்றி முடிந்துவிட்டார். அவர் திரும்பினார். தாடி இருந்தது.

"யக்கா, நான் ஆம்பளை."

"அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"கைய தூக்க சொன்னீங்க. தூக்கிட்டேன்."

நாடாக்கா முடிச்சை இழுத்துப் பார்த்தார். இறுகிவிட்டது. பூசை மணி அடித்துவிட்டது. அந்த மனிதர் பச்சைப் பாவாடையோடு உள்ளே போய், ஆண்கள் பக்கம் உட்கார்ந்து, முழுப் பூசையும் கண்டார். அடுத்த வாரம் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

புதுச் சாமியார் வந்தார். சின்ன வயது. பிரசங்கத்தில் இதைப் பற்றியே பேசினார். உடை ஆண்டவருக்கு முக்கியம் இல்லை, உள்ளம்தான் முக்கியம் என்றார். நாடாக்கா கதவோரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அடுத்த ஞாயிறு மஞ்சள் பை அதே இடத்தில் இருந்தது. சாமியார் கேட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, போன வாரம் சொன்னேனே."

"கேட்டேன் ஃபாதர். நல்லா சொன்னீங்க."

"அப்புறம் ஏன் இது?"

"ஆண்டவர் உள்ளத்த பாக்குறாரு ஃபாதர். பக்கத்து பெஞ்சுக்காரி பேன்ட்ட பாக்குறா. அவ வாய்க்கு யார் பதில் சொல்றது?"

சாமியார் ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போனார்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். யூனிஃபார்ம் நீல பேன்ட், சாம்பல் சட்டை, ஷூ. சனி நைட் ஷிப்ட் ஞாயிறு காலை ஆறு மணிக்கு முடியும். வேன் ஆறரைக்குக் கோயில் முனையில் இறக்கும். ஆறே முக்காலுக்குப் பூசை. வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வரலாம் என்றால் அதற்குள் பாதிப் பூசை முடிந்துவிடும். அதுவுமில்லாமல், வீட்டுக்குப் போனால் நான் படுத்துவிடுவேன்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் நாடாக்கா எழுந்து நின்றார்.

"இன்னாமே, வேலைக்கு வந்துகிறியா, பூசைக்கு வந்துகிறியா?"

"வேலைய முடிச்சிட்டு பூசைக்கு."

"கைய தூக்கு."

"மாட்டேன்."

அந்தக் கேட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை போல. மெழுகுவத்தி வாங்க வந்தவள் சில்லறையை வாங்காமல் நின்றாள்.

"இந்த பேன்ட்டுதான் எனக்கு சோறு போடுது," என்றேன்.

"சோத்த யார் குறை சொன்னாங்க? சோத்துப் பானைய துணி போட்டு மூட மாட்டியா?"

நான் கை தூக்கவில்லை. அவரும் உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றோம். உள்ளே முதல் வாசகம் முடிந்தது. பதிலுரைப் பாடல் முடிந்தது. இரண்டாம் வாசகம் முடிந்தது. எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்ற கால். அல்லேலூயா பாடும்போது கையைத் தூக்கினேன்.

"கால் வலிக்குதுன்னு தூக்குறேன். நீ சொன்னது சரின்னு தூக்கல."

"எதுக்கோ தூக்கு," என்று முடிந்தார். இருபத்தொன்பது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சரியாகத்தான் இருந்தது.

அதிலிருந்து வாரா வாரம் அப்படித்தான். ஒருதரம் என் பேன்ட் பாக்கெட்டில் ஒரு வாஷர் தங்கிவிட்டது. மெஷினிலிருந்து வருவது, காலணா அளவு. பூசையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கைக்குட்டையை எடுக்கப் பாவாடைக்குள் கை விட்டேன். வாஷர் தரையில் விழுந்தது. டிங் என்றது. நல்ல மொசைக் தரை. நல்ல சத்தம்.

சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது அடிக்கிற எழுந்தேற்ற மணி அடித்துவிட்டது என்று முன்வரிசை முழங்கால் போட்டது. முன்வரிசையைப் பார்த்து நடுவரிசை போட்டது. கோயில் மொத்தமும் முழங்காலில். சாமியார் அந்த இடத்துக்கே வரவில்லை, அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு எங்களைப் பார்த்தார். எழுந்திருக்கச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை. அன்று பாதிப் பூசை முழங்காலில்தான் கண்டோம். வயதானவர்கள் கஷ்டப்பட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நாடாக்கா என் காதில், "ஃபாதருக்கு முன்னாடி நீயே பூசை வெச்சிட்டியாமே" என்றார். அடுத்த வாரத்திலிருந்து நாடா முடிவதற்கு முன்னால் என் பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பார்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க ஆயர் வந்தார். அன்று நாங்கள் ஒன்பது பேர், தெரியாமல், ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். ஒன்பது பச்சைப் பாவாடை. ஆயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இந்தச் சகோதரிகள் எந்தச் சபை?" என்று சாமியாரைக் கேட்டார். மைக் ஆன் ஆகி இருந்தது. மரியாயின் சேனை தெரியும், வின்சென்ட் தே பவுல் சபை தெரியும். பச்சை உடுப்புச் சபை அவருக்குப் புதிது.

சாமியார் வாயைத் திறந்தார்.

அதற்குள் கதவோரமிருந்து நாடாக்கா ஆயருக்குப் பதில் சொன்னார். "எங்க கேட்டு சபை ஆண்டவரே."

ஆயர் மிகவும் சந்தோஷப்பட்டார். கேட்டு சபையே காணிக்கைப் பவனி வரட்டும் என்றார். ஒன்பது பேரும் பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஐ.டி. பெண் எனக்கு முன்னால். அவள் தோள் குலுங்கிக்கொண்டே போனது. அழுகிறாள் என்று ஆயர் நினைத்து, அவளைத் தனியாக ஆசீர்வதித்தார்.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். என் மகள் ஜெசி முதல்முதலாக நன்மை வாங்கின புதுநன்மை நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

பிள்ளைகள் கோயில் வாசலிலிருந்து பவனியாகப் போவார்கள். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அம்மா. பிள்ளைக்கு வெள்ளை கவுன், வெள்ளை கையுறை. ஜெசி முந்தின நாளே சொல்லிவிட்டாள். "நீ வந்தாதாம்மா நான் உள்ள போவேன். இல்லன்னா போ மாட்டேன்." அவள் என் பிள்ளை. சொன்னால் சொன்னதுதான்.

லீவு கேட்டேன். தரவில்லை. ஆறு மணிக்கு விடுவார்கள். அன்றைக்குப் பூசை ஏழரைக்கு. வீட்டுக்குப் போய்க் குளித்துப் புடவை மாற்ற நேரம் இருந்தது. புடவையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மெஷினில் ஆயில் ஹோஸ் வெடித்தது. இடது தொடையிலிருந்து ஷூ வரை எண்ணெய். அது போதாது என்று வேன் திருமுல்லைவாயலில் பஞ்சர். டிரைவர் ஸ்டெப்னி எடுத்தார். அதுவும் பஞ்சர். கோயில் முனையில் இறங்கும்போது ஏழு இருபத்தைந்து. வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஜெசியும் அவள் அப்பாவும் நாலாவது. அவள் வரிசையைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு ஓடினேன். கையைத் தூக்கினேன். அவர் சொல்லாமலே தூக்கினது அன்றைக்குத்தான்.

நாடாக்கா மஞ்சள் பையைத் தலைகீழாக உதறிக் காட்டினார். நாடா உருண்டை மட்டும் விழுந்தது.

"ஒன்பதும் பூட்சி. சொந்தக்காரிங்க எல்லாம் லெக்கின்ஸ்ல வந்துகிறாளுங்க." என் காலைப் பார்த்தார். "பரவால்ல. அப்டியே போ."

நாடாக்கா வாயிலிருந்து அந்த வார்த்தை. வேறு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

"முடியாதுக்கா. கவுனு பூரா எண்ணெய் ஆயிடும். நான் ஊட்டுக்குப் போய் மாத்திக்கினு வரேன்."

திரும்பினேன். சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"போனா வர மாட்ட."

"பத்து நிமிஷம்."

"எனக்கும் பத்து நிமிஷம்தான்." குரல் மாறவில்லை. மெழுகுவத்தி விலை சொல்கிற குரல்தான். "அப்ப சித்தாள் வேலை எனக்கு. என் பெரியவனுக்கு ஞானஸ்நானம். அன்னிக்கின்னு தளம் போட்டானுங்க. நடுவுல வுடல. புடவை மேல ஆம்பளை சட்டை, உடம்பு பூரா சிமெண்டு. அப்டியே ஓடியாந்தேன். இந்த கேட்டுல ஒரு ஆளு நின்னுகினு, இப்டியா உள்ள போவ, போய் மாத்திக்கினு வான்னான். போனேன். வந்தேன். தண்ணி ஊத்தி முடிச்சிட்டாங்க. என் புள்ள வேற ஒருத்தி கையில இருந்தான்."

அத்தனை வருஷத்தில் நாடாக்கா ஒரே ஒரு பெண்ணைக்கூட வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதில்லை. எனக்கு அது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"இங்கியே நில்லு," என்று சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனார்.

உள்ளே வரவேற்புப் பாடல் ஆரம்பித்தது. முதல் பிள்ளை நகர்ந்தது.

நாடாக்கா வந்தார். ஒரு கை புடவையை இடுப்பில் இறுக்கிப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் அவருடைய உள்பாவாடை. வெள்ளை. அடியில் ஒரு சாண் அகலத்துக்குப் பொன் ஜரிகை.

எனக்கு அவசரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எலி கடிச்சதுன்னியேக்கா."

"கடிச்சிது. ஓரத்துல."

"நல்லத நீ வெச்சிக்கினியா?"

"உள்ள கட்றது ஆண்டவருக்கு மட்டும்தான் தெரியும். கைய தூக்குடி."

தலை வழியாகப் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு நாடாவை நானே முடிந்தேன். அவருக்கு ஒரு கை புடவைக்குப் போய்விட்டது. இருந்தாலும் மற்ற கையால் என் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு முதுகில் தட்டினார்.

"ஓடு."

மூன்றாவது பிள்ளை படியேறும்போது ஜெசியின் கையைப் பிடித்தேன். அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"அம்மா, பாவாடை சூப்பர். எங்க வாங்குன?"

"அப்புறம் சொல்றேன். நேரா நட."

நடந்தோம். கவுனில் ஒரு பொட்டு எண்ணெய் படவில்லை.

பூசை முழுவதும் நாடாக்கா குடைக்கு அடியில், பெஞ்சில், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்தால் புடவை நிற்காது. அவர் ஞாயிறு பூசை தவறி யாரும் பார்த்ததில்லை. முடிந்ததும் சாமியார் வெளியே வந்து கேட்டார்.

"என்னக்கா, இன்னிக்கிப் பூசைக்கு வரலியா?"

"பாதி வந்தேன் ஃபாதர்."

சாமியாருக்குப் புரியவில்லை. நான் சொல்லவுமில்லை. பாவாடையைத் துவைத்து, உள்பக்கம் பட்டிருந்த எண்ணெயைப் போக்கி, மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். ஜரிகையை முழுச் சுற்றும் எண்ணிப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

அன்று எடுத்த போட்டோ எங்கள் வீட்டு டி.வி.க்கு மேல் இருக்கிறது. சாம்பல் யூனிஃபார்ம் சட்டை, அதற்குக் கீழே பொன் ஜரிகைப் பாவாடை, அதற்குக் கீழே ஷூ. வருகிறவர்கள் இது என்ன ஃபேஷன் என்று கேட்கிறார்கள்.

முட்டிவலி வந்த பிறகு, அந்தப் பெரிய மகன் நாடாக்காவை ஐயப்பன்தாங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மஞ்சள் பையும் கூடவே போனது. போன மாதம் போன் செய்தேன்.

"இங்க எல்லாம் ஐ.டி. பொண்ணுங்கமே. ஒன்பது பத்தாது. இன்னும் ஆறு தெச்சிகினு கீறேன்," என்றார்.

எங்கள் கேட்டில் இப்போது யாரும் இல்லை. பேன்ட்டோ பாவாடையோ, அவரவர் இஷ்டத்துக்கு உள்ளே போகிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. நல்லதுதான். நானும் யூனிஃபார்மோடு நேராக உள்ளே போகிறேன்.

ஆனால் அந்தக் கேட்டைத் தாண்டும்போது இரண்டு கையும், நான் சொல்லாமலே, கொஞ்சம் மேலே போய்விட்டு வருகின்றன.